ஒரு கண் மட்டும் வீங்கினால்

மனித உடலிலேயே மிக மெலிந்த தோல் கண் இமையின் தோல். ஒரு மில்லிமீட்டர் கனம்கூட அதற்குக் கிடையாது. அடியில் கொழுப்பும் இல்லை என்றே சொல்லலாம். திசுக்கள் தளர்வாக இருப்பதால் கொஞ்சம் நீர் கோத்தாலே இமை உப்பிவிடும். கையில் கடித்தால் சின்னத் தடிப்போடு போகிற எறும்பு, இமையில் கடித்தால் கண்ணையே மூடவைப்பது இதனால்தான். ஆகவே வீக்கம் எவ்வளவு பெரிது என்பதை வைத்து நோய் எவ்வளவு கடுமை என்று அளக்க முடியாது. பார்க்க வேண்டிய விஷயங்கள் வேறு: எந்த இடத்தில் வீங்கியிருக்கிறது, எத்தனை நாளில் வீங்கியது, வலி உண்டா, பார்வை தெளிவாக இருக்கிறதா, கண் எல்லாப் பக்கமும் அசைகிறதா.

இரண்டு கண்ணும் ஒன்றாக உப்பினால் சிறுநீரகம், இதயம், தைராய்டு, ஒத்துக்கொள்ளாத மருந்து என்று உடல் முழுவதையும் சார்ந்த காரணங்களைத் தேடுவார்கள். ஒரு கண் மட்டும் வீங்கினால் காரணம் பெரும்பாலும் அந்தக் கண்ணிலோ அதை ஒட்டியோதான் இருக்கும். இதற்கும் விலக்கு உண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர் ஒருக்களித்துப் படுத்து எழுந்தால், படுத்த பக்கத்துக் கண் மட்டும் அதிகமாக உப்பியிருக்கும். காலும் முகமும் சேர்ந்து வீங்கினால் கண்ணோடு நிறுத்தாமல் சிறுநீரையும் பரிசோதிக்க வேண்டும்.

பாறசாலை, செங்கல், காரோடு, குன்னத்துக்கால், வெள்ளறடை, பொழியூர் என்று நெய்யாற்றின்கரை தாலுகாவின் எல்லை ஊர்களில் இந்தக் காரணங்களுக்குத் தனி முகம் உண்டு. 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லைகள் மாறியபோது பக்கத்துத் தாலுகாவான விளவங்கோடு தமிழகப் பக்கம் போனது, நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. ஆனாலும் எல்லை ஊரான களியக்காவிளைக்கு இருபுறமும் மண்ணும் மழையும் பிழைப்பும் ஒன்றுதான். ரப்பர் தோட்டம், தேன் பெட்டி, கொல்லாங்கொட்டை (முந்திரிக்கொட்டை) உடைப்பு, குளத்துக் குளியல், கடல் தொழில் எல்லாமே கண்ணுக்குத் தங்கள் பங்கைச் செய்கின்றன. கண் வீங்கி வந்தவரிடம் நேற்று என்ன வேலை பார்த்தார் என்று கேட்டால் பல நேரம் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

கண்கட்டியும் இமைக் கட்டியும்

எல்லா ஊரிலும் போல இங்கும் முதல் காரணம் கண்கட்டிதான். மலையாளம் கலந்து பேசுகிறவர்கள் கண்குரு என்பார்கள். இமை மயிரின் வேரில் இருக்கும் சின்னச் சுரப்பியில் ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா புகுந்து சீழ் பிடிப்பதே கண்கட்டி. இமை விளிம்பில் ஒரு புள்ளி சிவந்து, தொட்டால் உயிர் போவது போல வலிக்கும். ஓரிரு நாளில் மஞ்சள் முனை தெரியும். ஒன்றிரண்டு வாரத்தில் தானே உடைந்து ஆறிவிடும்.

உள்ளங்கையில் விரலைத் தேய்த்துச் சூடேற்றிக் கண்கட்டியில் வைப்பது பாட்டிமார் வழக்கம். சூடு கொடுக்கிறார்கள் என்ற அளவில் அது சரியான திசை. அதைவிடச் சீராக வேலை செய்வது வெந்நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணி. பொறுக்கும் சூட்டில் ஐந்து முதல் பத்து நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு முறை ஒற்றடம் கொடுத்தால் அடைப்பு இளகிச் சீழ் வடியும். பிதுக்கக் கூடாது. பிதுக்கினால் தொற்று இமைத் தோலுக்குள் பரவும். ஒருவர் வைத்த கண்மையை இன்னொருவர் எடுத்து வைப்பதும், ஒரே துண்டில் வீடே முகம் துடைப்பதும் கண்கட்டி திரும்பத் திரும்ப வர வழி செய்யும். அடிக்கடி வருகிறதென்றால் ரத்தத்தில் சர்க்கரையைப் பார்ப்பது அவசியம். பலருக்கு நீரிழிவு தெரியவருவதே இப்படித்தான்.

வலி இல்லாமல், இமைக்குள் பயறு போல உருளும் கட்டி வேறு வகை. ஒவ்வோர் இமையிலும் இருபதுக்கும் மேற்பட்ட மெய்போமியன் சுரப்பிகள் வரிசையாக இருக்கின்றன. கண்ணீர் உலராமல் காக்கும் எண்ணெய் அவற்றில்தான் சுரக்கிறது. அவற்றில் ஒன்றின் வாய் அடைத்துக்கொண்டால் எண்ணெய் உள்ளேயே தேங்கிக் கட்டியாகிவிடும். வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் நிற்கும். ஒற்றடத்தில் கரையாவிட்டால் கண் மருத்துவர் மரத்துப்போகும் ஊசி போட்டு, இமையைத் திருப்பி உள்பக்கமாகக் கீறிச் சுரண்டி எடுத்துவிடுவார். வெளியே தழும்பு தெரியாது. வயதானவர்களுக்கு எடுத்த இடத்திலேயே கட்டி மறுபடி வந்தாலோ, அந்த இடத்தில் இமைமயிர் உதிர்ந்திருந்தாலோ திசுவைப் பரிசோதனைக்கு அனுப்பியே ஆகவேண்டும். எண்ணெய்ச் சுரப்பியில் வரும் புற்றுநோய் சாதாரணக் கட்டி போலவே வேடம் போடும். மேலை நாடுகளைவிட ஆசியாவில் இதன் பங்கு அதிகம்.

ரப்பர் தோட்டத்திலிருந்து வருபவை

கோடை மழை தொட்டதும், ஏப்ரல், மே மாதங்களில், ரப்பர் தோட்டத்தை ஒட்டிய வீடுகளுக்குள் கறுப்பு வண்டுகள் கூட்டம் கூட்டமாக வரும். முப்ளி வண்டு, ஓட்டெருமா என்றெல்லாம் சொல்வார்கள். திருச்சூர்ப் பக்கத்து முப்ளி எஸ்டேட்டின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. ரப்பர் சருகைத் தின்று வளரும் இந்த வண்டு டியூப்லைட் வெளிச்சத்துக்கு வந்து, ஓட்டு இடுக்கிலும் மச்சிலும் அப்பிக்கொண்டு மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும். கடிக்கும் பழக்கம் இதற்கு இல்லை. நசுங்கும்போது நாற்றமடிக்கும் ஒரு நீரை விடும், அந்த நீர் பட்ட தோல் வெந்து கன்றிப்போகும். தூக்கத்தில் தலையணையில் விழுந்த வண்டைக் கை தானறியாமல் தேய்த்துவிட, காலையில் ஒரு கண் சிவந்து வீங்கியிருக்கும்.

மழைக்காலத்தில் வரும் வேறொரு பூச்சி எறும்பு போல ஒல்லியாக, ஆரஞ்சும் கறுப்பும் மாறிமாறி இருக்கும். இது ஈர வயலிலும் புல்லிலும் வளர்ந்து விளக்கொளிக்கு வரும். நசுக்கினால் பெடரின் என்ற நஞ்சு தோலில் படும். உடனே ஒன்றும் தெரியாது. ஒன்றிரண்டு நாள் கழித்து எரிச்சலும் கொப்புளமும் கோடு போட்டது போலக் கிளம்பும். நசுக்கிய விரலால் கண்ணைத் தொட்டால் இமை வீங்கிக் கண் சிவக்கும். கென்யத் தலைநகரின் பெயரால் இதை நைரோபி கண் என்பார்கள். உடலில் ஊரும் பூச்சியை அடிக்காமல் ஊதித் தள்ளுவதும், பட்ட இடத்தை உடனே சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுவதும்தான் பாதுகாப்பு.

ரப்பர் வெட்டுத் தொழிலாளிக்கு வேறு ஆபத்துகளும் உண்டு. இருட்டு விலகுமுன் நெற்றி விளக்கோடு மரம் மரமாகப் போகும்போது, தலைக்கு மேலே வெட்ட வேண்டிய பழைய மரங்களில் பட்டைச் சீவல் நேரே கண்ணில் விழும். தூசிதானே என்று கசக்கினால் கருவிழியில் கீறல் விழும். நெல் இலை, தென்னை ஓலை, பட்டைச் சீவல் போன்றவை கீறிய கருவிழியில் பூஞ்சை புகுந்து புண் உண்டாவது தென்னிந்தியாவில் அடிக்கடி காணும் நோய். அப்போது இமை வீங்கி, கண் சிவந்து, வெளிச்சம் பார்க்க முடியாது. கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரியும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து இந்தப் புண்ணுக்கு எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவது போல. பூஞ்சை மளமளவென்று பரவி, பார்வையே போய்விடக்கூடும்.

ரப்பர் பாலைத் தட்டில் ஊற்றி உறையவைக்க ஃபார்மிக் அமிலம் கலக்கிறார்கள். அது தெறித்தாலும், வெற்றிலைக்கு வைத்திருக்கும் நூறு, அதாவது சுண்ணாம்பு, குழந்தையின் கண்ணில் பட்டாலும் முதல் மருந்து தண்ணீர்தான். இமையை விரித்துப் பிடித்துக் கால்மணி நேரத்துக்குக் குறையாமல் சுத்தமான தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், பிறகுதான் வண்டி தேட வேண்டும். சுண்ணாம்பு அமிலத்தைவிடக் கொடியது. கண்ணுக்குள் ஊடுருவிக்கொண்டே போகும்.

தேனீ, கொல்லாங்கொட்டை, கடல்

1920-களில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் ஸ்பென்சர் ஹாட்ச் மார்த்தாண்டத்தில் தொடங்கிய கிராமப் புனரமைப்புப் பணியோடு பெட்டியில் தேனீ வளர்ப்பது இந்த வட்டாரத்தின் தொழிலாக வேர்விட்டது. ரப்பர் மரம் இலை உதிர்த்துத் தளிர்க்கும் ஜனவரி முதல் மார்ச் வரை, இலைக்காம்பின் நுனியில் மதுநீர் சுரக்கும். தோட்டம் தோட்டமாகப் பெட்டி வைப்பது அந்தக் காலத்தில்தான். தேனீ இமையில் கொட்டினால் சில நிமிடத்தில் கண் மூடிக்கொள்ளும். கொடுக்கு தோலில் நின்றால் தாமதிக்காமல் தட்டி எடுத்துவிட்டுக் குளிர்ந்த நீரில் ஒற்றடம் கொடுக்க வேண்டும். வீக்கம் இரண்டு மூன்று நாளில் வடியும். மூச்சு இரைப்பு, உடலெங்கும் தடிப்பு, நாக்கு வீக்கம், தலைசுற்றல் இவற்றில் எது வந்தாலும் அது உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை. கண்விழியிலேயே கொட்டினால் கொடுக்கை வீட்டில் எடுக்க முயலாமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

அண்டி ஆபீஸ் எனப்படும் முந்திரித் தொழிற்சாலை வேலையில் கொல்லாங்கொட்டை ஓட்டின் எண்ணெய் விரலைக் கருக்கும். அந்த விரல் கண்ணைத் தொட்டால் இமை எரிந்து தடிக்கும், நாள்பட்டால் தோல் உரியும். தலைச்சாயம், புதுக் கண்மை, நெற்றியில் தடவும் தைலம், கண் சொட்டு மருந்து இவற்றின் ஒவ்வாமையும் இதே போல்தான் இருக்கும். அரிப்பு அதிகம், வலி குறைவு. காய்ச்சலோடும் சீழோடும் வரும் தொற்றிலிருந்து ஒவ்வாமையைப் பிரித்துக் காட்டுவது அந்த அரிப்பே. கம்பளிப்புழுவின் மயிர் விழுந்த கண்ணில் மயிர் விழிக்குள்ளேயே தைத்து நிற்கக்கூடும் என்பதால் கசக்கவே கூடாது. பொழியூர், பூவார் கரையில் வலை இழுக்கும்போது சொறி மீனின் கொட்டும் நீர் கண்ணில் தெறித்தாலும் எரிச்சலும் வீக்கமும் வரும்.

மூக்கோரத்து வீக்கம்

கண்ணீர் வடியும் பை கண்ணின் உள்மூலைக்குச் சற்றுக் கீழே, மூக்கெலும்பை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து ஒரு குழாய் மூக்குக்குள் இறங்குகிறது. அழும்போது மூக்கு ஒழுகுவது இந்த வழியாகத்தான். குழாய் அடைத்தால் பையில் நீர் தேங்கிச் சீழ் பிடிக்கும். உள்மூலைக்குக் கீழே சிவந்த, வலிமிகுந்த மேடு எழும். அழுத்தினால் பீளை திரும்பக் கண்ணுக்கே வரும். நடுவயதுப் பெண்களிடம் இது அதிகம். சீழ் அடங்கியபின் மூக்குக்குப் புதுவழி திறக்கும் அறுவை சிகிச்சை செய்வார்கள். பிறந்த குழந்தைக்கு ஒரு கண்ணில் மட்டும் நீர் வடிந்துகொண்டே இருந்தால் குழாயின் முனை இன்னும் திறக்கவில்லை என்று பொருள். உள்மூலையில் மேலிருந்து கீழாக மெல்ல அழுத்தி நீவும் முறையை மருத்துவர் காட்டிக்கொடுப்பார். பெரும்பாலான குழந்தைகளுக்கு முதல் பிறந்தநாளுக்குள் தானே திறந்துவிடும்.

இதே மூலையில் இன்னொரு நோயும் வரும். ரைனோஸ்போரிடியோசிஸ் என்று பெயர். 1900-இல் அர்ஜென்டினாவில் கில்லெர்மோ சீபர் முதலில் விவரித்தார் என்றாலும் நோயின் பெரும்பகுதி கேரளம், தமிழகம், இலங்கை ஆகிய இடங்களில்தான். தேங்கிய குளத்தில் குளிப்பவர்களிடமும் ஆற்று மணல் அள்ளுபவர்களிடமும் அதிகம் காணப்படுகிறது. மூக்கிலோ இமையின் உட்புறத்திலோ வெண்புள்ளிகளோடு சிவந்த தசை, பார்க்க ஸ்ட்ராபெரிப் பழம் போல வளரும். கண்ணீர்ப் பைக்குள் வளர்ந்தால் மூக்கோரம் மெத்தென்று வீங்கும், கண்ணீரில் ரத்தம் கலந்து வரும். நெடுங்காலம் இதைப் பூஞ்சை என்று நினைத்தார்கள். 1990-களின் இறுதியில் மரபணுவைப் பார்த்தபோது மீன்களைத் தாக்கும் சில ஒட்டுண்ணிகளின் உறவு என்று தெரிந்தது. மாத்திரையில் இது போகாது. அறுத்தெடுத்து அடியைச் சுட வேண்டும், அப்படியும் திரும்ப வரலாம். சாதாரண அடைப்பு என்று எண்ணிப் புதுவழி திறந்தால் நோய் பரவ இடமுண்டு. அதனால் குளத்தில் குளிக்கும் வழக்கத்தை மருத்துவரிடம் சொல்வது சிகிச்சையையே மாற்றக்கூடிய தகவல்.

கண்ணுக்குள் நெளியும் புழு

நாயின் உடலில் வாழும் டைரோஃபைலேரியா என்ற நூல் போன்ற புழு கொசுக்கடி மூலம் மனிதருக்கு வருவதுண்டு. இந்தியாவில் இந்தப் புழு மனிதரிடம் கண்டெடுக்கப்பட்ட நிகழ்வுகளில் பெரும்பங்கு கேரளத்தில் பதிவானவை. இமை ஒரு நாள் வீங்கும், மறுநாள் வடியும், சில நாள் கழித்துப் பக்கத்தில் வேறிடத்தில் தடிக்கும். இப்படி இடம் மாறுவது இதன் அடையாளம். விழியின் வெள்ளைப் படலத்துக்கு அடியில் புழு வந்துவிட்டால் கண்ணாடியில் பார்க்கும்போதே வெள்ளை நூல் நெளிவது தெரியும். பார்ப்பவர் பதறிப்போவார். ஆனால் மருத்துவருக்கு இது எளிய வேலை: மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டு, சிறு கீறல் போட்டு, இடுக்கியால் முழுசாக இழுத்து எடுத்துவிடுவார். மனித உடலில் இந்தப் புழு பெருகுவதில்லை, பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். அதை எடுத்துவிட்டால் அதோடு முடிந்தது. பால் எடுக்காத நாட்களில் ரப்பர் மரத்துச் சிரட்டைகளைக் கவிழ்த்து வைத்தால் அங்கே கொசு முட்டையிடாது. டெங்குவுக்குச் சொல்லும் அதே அறிவுரை இதற்கும் பொருந்தும்.

செங்கண்ணும் அக்கியும்

செங்கண்ணு, சென்னைப் பக்கம் மெட்ராஸ் ஐ, வைரசால் வரும் விழிவெண்படல அழற்சி. ஒரு கண்ணில் தொடங்கி ஓரிரு நாளில் அடுத்த கண்ணுக்குத் தாவும். பீளை, உறுத்தல், இமை வீக்கம் எல்லாம் இருந்தாலும் பார்வை மங்காது. பொதுவாக ஒன்றிரண்டு வாரத்தில் சரியாகும். தனித் துண்டும் கைகழுவுவதும் வீட்டில் மற்றவர்களைக் காக்கும்.

நெற்றியிலும் இமையிலும் ஒரு பக்கம் மட்டும் எரிச்சலோடு வலித்து, பிறகு கொப்புளங்கள் கொத்தாகக் கிளம்பினால் அது அக்கி. சின்ன வயதில் வந்த சின்னம்மை வைரஸ் நரம்பில் உறங்கிக் கிடந்து விழித்துக்கொள்வதால் வருவது. முகத்தின் நடுக்கோட்டைத் தாண்டாது என்பதே அடையாளம். மூக்கு நுனியில் கொப்புளம் இருந்தால் விழியும் பாதிக்கப்பட வாய்ப்பு அதிகம். காவி குழைத்து அக்கி எழுதும் வழக்கம் இன்னும் இருக்கிறது. கண்ணருகே அதில் நாளைக் கழிக்கக் கூடாது, ஏனென்றால் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன் தரும்.

தாமதம் பொறுக்காதவை

இமைக்கும் கண்குழிக்கும் நடுவே ஒரு மெல்லிய சவ்வு தடுப்புச் சுவராக நிற்கிறது. பூச்சிக்கடி, கீறல், கண்கட்டி இவற்றிலிருந்து தொற்று பரவி அந்தச் சுவருக்கு முன்னால் நின்றால் இமை முழுதும் சிவந்து சூடாக வீங்கும். ஆனால் விழி அசையும், பார்வை தெளிவாக இருக்கும். மருத்துவர் தரும் ஆன்டிபயாடிக் மாத்திரையில் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் அடங்கிவிடும். சுவரைத் தாண்டிக் கண்குழிக்குள் சீழ் பிடித்தால் கதை வேறு. விழி முன்னே தள்ளும், அசைத்தால் வலிக்கும், ஒன்று இரண்டாகத் தெரியும், காய்ச்சல் அடிக்கும், பார்வை மங்கும். பார்வை நரம்பும் மூளையும் பக்கத்திலேயே இருப்பதால் மருத்துவமனையில் சேர்த்து நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டிய அவசர நிலை இது. குழந்தைகளுக்கு இது பெரும்பாலும் சளியில் தொடங்கும். மூக்கோரத்துக் காற்றறைக்கும் கண்குழிக்கும் இடையிலுள்ள எலும்பு காகிதம் போல மெல்லியது. சளி பிடித்த குழந்தையின் ஒரு கண் காய்ச்சலோடு வீங்கினால் காலைவரை காத்திருக்கக் கூடாது.

சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கு ஒரு பக்க முகவலி, கன்ன மரப்பு, மூக்கிலிருந்து கறுத்த கசிவு, ஒரு கண் வீங்கி இமை தாழ்வது ஆகியவை கரும்பூஞ்சையின் குறிகள். 2021-இல் கோவிட்டின் இரண்டாம் அலையில் நாடு முழுதும் இதைக் கண்டு நடுங்கியது. கோவிட் இல்லாமலும் இது வரும், மணிக்கணக்கில் பரவும்.

மெல்ல வருபவை

வாரம், மாதம் என்று மெதுவாக வளரும் வீக்கத்துக்குக் காரணம் வேறு. பெரியவர்களுக்கு விழி முன்தள்ள முதல் காரணம் தைராய்டு நோய். இரண்டு கண்ணிலும் வந்தாலும் ஒரு கண்ணில் மட்டும் முதலில் தெரியலாம். மேலிமையின் வெளிமூலையில் உருண்டு நின்றால் கண்ணீர்ச் சுரப்பியைப் பார்க்க வேண்டும். குழந்தையின் கண் சில நாளிலேயே மளமளவென்று முன்தள்ளினாலோ, புகைப்படத்தில் ஒரு கண்ணின் பாவை மட்டும் வெள்ளையாகத் தெரிந்தாலோ புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்யும்வரை ஓயக் கூடாது. சீக்கிரம் கண்டால் பெரும்பாலான குழந்தைகளைக் காப்பாற்ற முடியும்.

வீட்டில் செய்வதும் போகுமிடமும்

வீங்காத கண்ணை மூடிக்கொண்டு, வீங்கிய கண்ணால் நாட்காட்டி எழுத்தைப் படித்துப் பார்ப்பது முதல் பரிசோதனை. பிறகு தலையை அசைக்காமல் விழியை மட்டும் நாலு பக்கமும் சுழற்ற வேண்டும். பார்வையும் அசைவும் சரியாக இருந்து காய்ச்சலும் இல்லையென்றால் ஓரிரு நாள் பொறுக்கலாம். கட்டிக்கு வெந்நீர் ஒற்றடம், கடிக்கும் ஒவ்வாமைக்கும் குளிர் ஒற்றடம். தாய்ப்பால், துளசிச்சாறு, நந்தியாவட்டைப் பூச்சாறு, விளக்கெண்ணெய் எதையும் கண்ணில் விடக் கூடாது. சாற்றோடு கிருமியும் போகும், அதற்காகக் காத்திருக்கும் நாளில் புண்ணும் ஆழமாகும்.

பார்வை மங்கல், விழி அசைத்தால் வலி, விழி முன்தள்ளல், இரட்டைப் பார்வை, காய்ச்சலோடு வீக்கம், அமிலமோ சுண்ணாம்போ பட்டது, கருவிழியில் வெள்ளைப் புள்ளி, மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தை இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவர் பார்க்க வேண்டும். பாறசாலை தாலுகா தலைமை மருத்துவமனையும் நெய்யாற்றின்கரை அரசு மருத்துவமனையும் அருகில் இருக்கின்றன. குன்னத்துக்கால் பக்கத்தாருக்குக் காரக்கோணம் மருத்துவக் கல்லூரி கிட்டம். எவரெஸ்ட் ஏறப் போனவரும் நெய்யூரில் பல ஆண்டு மருத்துவம் பார்த்தவருமான சாமர்வெல்லின் பெயர் தாங்கியது அது. பெரிய சிகிச்சைக்குத் திருவனந்தபுரத்து அரசு வட்டாரக் கண் மருத்துவ நிறுவனம், ஊர்ப்பேச்சில் கண்ணாசுபத்திரி, பாறசாலையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். களியக்காவிளைக்குக் கிழக்கே இருப்பவர்களுக்கு ஆசாரிப்பள்ளத்துக் கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி உண்டு. அவசரத்துக்கு இரு மாநிலத்திலும் 108.